ஸாஹரா, டேமலா, இம்பீரியலா: வியன்னாவில் எந்த கேக்?

வியன்னாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கேக்கின் பெயரைத் தெரிந்துகொண்டு போகிறார்கள்: ஸாஹர் டோர்ட்டே என்கிற சாக்லேட் கேக். ஓப்பராவுக்குப் பின்னால் இருக்கிற ஹோட்டல் ஸாஹரின் வாசலில் வரிசையில் நின்று, உள்ளே இடம் பிடித்து, சாப்பிட்டு முடித்து, "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்கப்புறம் வேறு எந்த ஆஸ்திரிய இனிப்பையும் தொடுவதில்லை, வயிற்றிலும் இடமில்லை, மனசும் விட்டுப்போய்விடுகிறது. ஒரு மதியத்துக்கு ஒரு துண்டு, மிஞ்சினால் இரண்டு, அதற்கு மேல் யாராலும் முடியாது. அதனால் எதைச் சாப்பிடுவது, எதை வீட்டுக்கு வாங்கிப் போவது, எதை விட்டுவிடுவது என்று முதலிலேயே முடிவுசெய்துகொள்வது நல்லது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸாஹர் மோசமான கேக் இல்லை. ஆனால் சாக்லேட் வெறியோடு போகிறவர்களுக்கான கேக் அது இல்லவே இல்லை. நாக்கில் கரைகிற, ஈரமான, கனத்த சாக்லேட்தான் வேண்டும் என்றால் வியன்னாவில் அதற்கு வேறு பண்டங்கள் இருக்கின்றன. உலகப் புகழ் ஒன்றுக்கு, ருசி இன்னொன்றுக்கு என்று பிரிந்துபோய்விட்டது.

ஸாஹர் ஏன் வறவறவென்று இருக்கிறது? செய்முறையே அப்படித்தான். ஹோட்டல் வெளியிட்டிருக்கிற வீட்டுச் செய்முறையைப் பாருங்கள்: வெண்ணெய் 140 கிராம், கறுப்பு சாக்லேட் 130 கிராம், மைதா 140 கிராம், முட்டை 6, சர்க்கரை பொடித்ததும் சாதாரணமுமாக 220 கிராம். பேக்கிங் பவுடர் கிடையாது. வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துக் கலக்கிறார்கள், அந்தக் காற்றுதான் கேக்கைத் தூக்குகிறது. பாலும் இல்லை, தயிரும் இல்லை, எண்ணெயும் இல்லை. எண்ணெய் ஊற்றிச் செய்கிற அமெரிக்க பாணி சாக்லேட் கேக்குக்குப் பழகிய நாக்குக்கு இது காய்ந்துபோன நேற்றைய கேக் மாதிரிதான் தெரியும். அதற்கு ஈடுகட்டத்தான் ஆப்ரிகாட் ஜாம் வருகிறது, பக்கத்தில் சர்க்கரை சேர்க்காமல் அடித்த கிரீமும் வருகிறது. அந்த கிரீமை அலங்காரம் என்று நினைத்து ஒதுக்கி வைத்துவிட்டுக் கேக்கை மட்டும் சாப்பிட்டால் இரண்டாவது வாய்க்கே தொண்டையை அடைக்கும். முள்கரண்டியில் கேக், மேல்பூச்சு, கிரீம் மூன்றும் ஒன்றாக வர வேண்டும். ஜாமின் புளிப்பு முதலில் வரும், பின்னாலேயே கசப்பும் இனிப்பும், கடைசியில் கிரீம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும். அப்படிச் சாப்பிட்டால் நியாயம் புரியும்.

அந்த மேல்பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த கேக்கில் எனக்கு உண்மையிலேயே பிடித்த பகுதி அதுதான். பலரும் நினைப்பது போல அது வெறுமனே உருக்கி ஊற்றிய சாக்லேட் இல்லை. சர்க்கரையையும் தண்ணீரையும் கொதிக்கவிட்டுப் பாகு காய்ச்சி, அதில் சாக்லேட்டைக் கரைத்து, ஒரு பங்கைப் பளிங்குப் பலகையில் ஊற்றி முன்னும் பின்னும் தேய்த்து, லேசாகச் சீனி பூக்க ஆரம்பிக்கும்போது மறுபடி சட்டியில் சேர்ப்பது பழைய வழக்கம். நம் கம்பிப் பதத்தை ஒட்டிய பாகுதான். பாதுஷா மேல் பூத்திருக்கிற சீனித் தோல் பல்லில் படுகிறதே, அதே மெல்லிய நறுக் இதிலும் இருக்கும், கறுப்பு நிறத்தில். புதிதாக வெட்டிய துண்டில் கத்தி இறங்கும் இடத்தில் பூச்சு சன்னமாக விரிசல் விட்டிருக்கும். அந்த விரிசல் இல்லாமல் பிளாஸ்டிக் மாதிரி வளைந்தால் பாகு காய்ச்சாத சோம்பேறிப் பூச்சு என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி பெரிய சண்டைக்கு வருவோம். ஹோட்டல் ஸாஹரா, டேமல் மிட்டாய்க்கடையா?

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1832ல் ஆஸ்திரிய அமைச்சர் இளவரசர் மெட்டர்னிக் வீட்டில் விருந்து, தலைமைச் சமையல்காரருக்கு உடம்பு சரியில்லை, பயிற்சியில் இருந்த 16 வயது ஃபிரான்ஸ் ஸாஹர் கையில் இருந்ததை வைத்துச் செய்ததுதான் இந்த கேக் என்பார்கள். கதை கொஞ்சம் மெருகேற்றப்பட்டிருக்கலாம், அது போகட்டும். முக்கியமானது அடுத்த தலைமுறை. ஃபிரான்ஸின் மகன் எடுவர்ட் தொழில் கற்றது டேமலில். அங்கேதான் கேக்கை இப்போது நாம் பார்க்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. 1876ல் அவர் தனியாக ஹோட்டல் தொடங்கினார். அவருக்குப் பின் மனைவி அன்னா, வாயில் சுருட்டும் காலடியில் புல்டாக் நாய்களுமாக அந்த ஹோட்டலை நடத்திப் பேர் வாங்கினார். அன்னா இறந்தது 1930ல், ஹோட்டல் திவாலானது 1934ல். அப்போது இவர்கள் மகன், இன்னொரு எடுவர்ட், கேக்கின் உரிமையைத் தூக்கி டேமலிடம் கொடுத்துவிட்டார். ஹோட்டலை வாங்கிய புதிய முதலாளிகள் சும்மா இருப்பார்களா? அவர்களும் 'ஒரிஜினல்' என்று சொல்லி விற்க ஆரம்பித்தார்கள். போர் முடிந்து நாடு கொஞ்சம் மூச்சு விட்டதும் 1954ல் வழக்கு. ஜாம் ஒரு இடத்திலா இரண்டு இடத்திலா, வெண்ணெயா மார்கரீனா என்றெல்லாம் வக்கீல்கள் வாதாடி, 1963ல் சமரசத்தில்தான் முடிந்தது. 'ஒரிஜினல் ஸாஹர் டோர்ட்டே' என்ற பெயரும் வட்ட முத்திரையும் ஹோட்டலுக்கு, முக்கோண முத்திரை டேமலுக்கு.

தட்டில் என்ன வித்தியாசம்? ஹோட்டல் கேக்கை நடுவில் குறுக்கே அறுத்து அங்கே ஒரு ஜாம் அடுக்கு, பூச்சுக்கு அடியில் இன்னொன்று. டேமலில் அறுப்பதில்லை, பூச்சுக்கு அடியில் மட்டும்தான் ஜாம். இதில் வேடிக்கை, எழுத்தாளர் ஃபிரீட்ரிக் டோர்பெர்க் அந்த வழக்கில் சாட்சி சொல்ல வந்து, அன்னா உயிரோடு இருந்தவரை ஹோட்டல் கேக் நடுவில் அறுக்கப்பட்டதே இல்லை என்று சொன்னார். அவர் சொன்னது சரி என்றால் 'ஒரிஜினல்' பட்டம் வாங்கியதைவிட டேமல் கேக்தான் பழைய கேக்குக்கு நெருக்கம்.

ஆனால் பழமைக்காக நான் கேக் சாப்பிடுவதில்லை. வறண்ட கேக்குக்கு நடுவில் ஒரு ஈரமான அடுக்கு இருப்பது நல்லதுதான், அந்த அளவில் ஹோட்டல் துண்டுக்கே என் ஓட்டு. டேமல் துண்டு இன்னும் இறுக்கமாக இருக்கிறது, சாக்லேட் சற்றுத் தூக்கலாகத் தெரிகிறது, கிரீம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஸாஹரில் சிவப்புப் பட்டு, சிவப்புச் சுவர், வரிசை, அடுத்த ஆள் காத்துக்கொண்டிருக்கிறான் என்ற உறுத்தல். டேமல் 1786ல் தொடங்கிய கடை, 1888லிருந்து கோல்மார்க்ட் தெருவில், அரண்மனைக்கு எட்டிப்பார்க்கிற தூரத்தில் இருக்கிறது. அங்கேயும் கூட்டம்தான், ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் மாவு அடிப்பதையும் பூச்சு ஊற்றுவதையும் நின்று வேடிக்கை பார்க்கலாம், பரிமாறுகிற பெண்கள் கறுப்பு உடையில் அந்தக் கால அரண்மனைப் பாணியில் "தேர்ந்தெடுத்தாயிற்றா?" என்று 'நீங்கள்' சேர்க்காமலே கேட்பார்கள். கேக்குக்கு ஸாஹர், கடைக்கு டேமல். இரண்டையும் ஒரே நாளில் சாப்பிட்டு ஒப்பிடுகிறேன் பேர்வழி என்று கிளம்பாதீர்கள், இரண்டாவதாகச் சாப்பிடுவது எதுவானாலும் திகட்டும், அது தோற்றுவிடும்.

இன்னொன்று, பெயர்தான் வழக்கில் கட்டுப்பட்டது, பண்டம் இல்லை. ஊரில் எந்த மிட்டாய்க்கடைக்குப் போனாலும் ஸாஹர் டோர்ட்டே இருக்கும். ரோஜா நிறத்தில் தெருவுக்குத் தெரு தென்படுகிற ஐடாவில் விலையும் குறைவு, வரிசையும் இல்லை. ஓபர்லாவில் கேக் வகையே எனக்கு இந்த இரண்டு பெரிய வீடுகளையும்விட ஒழுங்காகத் தெரிகிறது. பெயருக்காகப் போகவில்லை என்றால் தயங்காமல் அங்கே போகலாம்.

சரி, உங்களுக்குச் சாக்லேட்தான் வேண்டும், சரித்திரம் வேண்டாம். அப்படியானால் கேக் கடையை விட்டுவிட்டு ஒரு சாதாரண வியன்னா உணவகத்தில் உட்காருங்கள். சாப்பாட்டுக்கப்புறம் வருகிற ஒரு சூடான சாக்லேட் புட்டிங் இருக்கிறது. முட்டை, வெண்ணெய், சாக்லேட், அரைத்த பாதாம் அல்லது வால்நட், ரொட்டித் தூள், இவற்றைச் சின்னச் சின்ன அச்சுகளில் ஊற்றித் தண்ணீர்த் தட்டில் வைத்து வேகவைக்கிறார்கள். சுடச்சுடக் கவிழ்த்து, மேலே சூடான சாக்லேட் சாஸ், சுற்றிலும் குளிர்ந்த கிரீம். இதன் பழைய பெயர் 'மோர் இம் ஹெம்ட்', கறுப்பின மக்களை இழிவாகச் சுட்டுகிற பெயர், அதனால் பல இடங்களில் மெனுவில் மாற்றிவிட்டார்கள். 'ஷோக்கோ' என்று தொடங்கி, பக்கத்தில் சூடான சாஸும் கிரீமும் வரும் என்று எழுதியிருந்தால் அனேகமாக அதுதான். சூடும் குளிர்ச்சியும் ஒரே கரண்டியில் வரும் அந்த முதல் வாய்க்கு ஸாஹர் கிட்டவே நிற்க முடியாது. வேகவைத்தது என்பதால் வறட்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. என்ன, நன்றாகச் செய்யாத இடத்தில் மைக்ரோவேவில் சூடாக்கிக் கொண்டுவருவார்கள். உள்ளே ரப்பர் மாதிரி இழுத்தால் அதுதான் காரணம்.

குளிர்ந்த கேக்கே வேண்டும், ஆனால் சாக்லேட்டும் தெரிய வேண்டும் என்றால் டோபோஷ். இது ஆஸ்திரியா இல்லை, ஹங்கேரி. புடாபெஸ்டின் யோஷெஃப் டோபோஷ் 1885 கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கேக். ஆனால் அன்றைக்கு இரண்டும் ஒரே பேரரசு, இன்றைக்கும் வியன்னாவில் கண்ணாடிப் பெட்டிக்குப் பெட்டி இருக்கும், அதனால் சேர்த்துக்கொள்கிறேன். மெல்லிய ஸ்பாஞ்ச் அடுக்குகள், நடுவே சாக்லேட் பட்டர் கிரீம், தலையில் கண்ணாடி போலக் கெட்டியான கேரமல் தட்டு. குளிர்பெட்டி வசதி இல்லாத காலத்தில் கேக் காயாமல் இருக்க அந்த மூடி என்று சொல்வார்கள். முள்கரண்டியால் தட்டினால் டொக்கென்று சத்தம் வர வேண்டும், கேரமல் நசநசத்துப்போயிருந்தால் கேக் பழசு, வேறு ஏதாவது கேளுங்கள். சாப்பிடுவது மட்டும் ஒரு போராட்டம். மூடியை அழுத்தினால் கிரீம் பக்கவாட்டில் பிதுங்கும். மூடியைத் தனியாக எடுத்துக் கையால் கடித்துக்கொண்டு கேக்கைத் தனியாகச் சாப்பிடுவதுதான் என் வழி, யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

உண்மையைச் சொல்லப்போனால் இந்த ஊர் இனிப்புகளில் என் முதல் இடம் சாக்லேட்டுக்கே இல்லை. எஸ்டர்ஹாஸி துண்டு. பாதாம் அல்லது ஹேசல்நட் தூள் சேர்த்த வெள்ளைக்கரு ஏடுகள், நடுவில் பட்டர் கிரீம், மேலே வெள்ளைச் சர்க்கரைப் பூச்சில் சாக்லேட்டால் இழுத்த இறகுக் கோடுகள். சாக்லேட்டின் பங்கு அந்தக் கோடு மட்டும்தான். இதுவும் ஹங்கேரிப் பிரபுக் குடும்பத்தின் பெயர் தாங்கியது. கொட்டைகளின் வாசனைக்காக ஒரு கேக் என்றால் இதுதான். ஆனால் கிரீமில் பெரும்பாலும் மதுவகை ஏதாவது ஒன்று சேர்த்திருப்பார்கள், வேண்டாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். ரோஜா நிறப் பூச்சில் மின்னுகிற பஞ்ச் துண்டில் ரம் தாராளம், கேட்கவே வேண்டாம். ஸாஹரில் மது கிடையாது.

கைஸர்ஷ்மார்னையும் ஸால்ஸ்பர்க் நொக்கெர்லையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை, அவை வேறு சாதி. முதலாவது கிழித்துப்போட்ட அப்பம், பிளம் கூட்டோடு, அதை இனிப்பு என்பதைவிட ஒருவேளைச் சாப்பாடு என்பதே சரி. இரண்டாவது சூட்டோடு மேசைக்கு வந்து நீங்கள் போட்டோ எடுப்பதற்குள் அமுங்கிப்போகிற முட்டை நுரை.

வீட்டுக்கு வாங்கிப் போவது முற்றிலும் வேறு கேள்வி. இங்கே ருசியைவிடத் தாங்குசக்திதான் முக்கியம். சாப்பிடும்போது குறையாகத் தெரிந்த ஸாஹரின் வறட்சி இங்கே பெரிய பலம், கிரீம் இல்லாத கேக், ஜாமும் பாகுப் பூச்சும் மூடி போட்டு வைத்திருக்கின்றன, இரண்டு வாரம் தாராளமாகத் தாங்கும். மரப்பெட்டியில் பார்க்கவும் லட்சணமாக இருக்கும், சின்ன அளவிலும் கிடைக்கும். குளிர்பெட்டியில் வைக்கக்கூடாது என்பதுதான் தொல்லை. உள்ளே வைத்து வெளியே எடுத்தால் பூச்சு வியர்த்து, மினுமினுப்புப் போய்விடும். 16 முதல் 18 டிகிரி என்பது ஹோட்டல்காரர்களின் கணக்கு. மே மாதத்துச் சென்னையில் அதற்கு எங்கே போவது? ஏசி அறை அலமாரிதான் வழி, வந்த வாரமே வெட்டித் தீர்த்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டிக்குள் போட்டால் மேலே விழுகிற சாமான்கள் கேக்கின் சாக்லேட் முத்திரையை நொறுக்கிவிடும்.

அன்பளிப்பு என்று வந்தால் நான் இம்பீரியல் டோர்ட்டேயைத்தான் சொல்வேன். ரிங் சாலையில் 1873 உலகக் கண்காட்சி சமயத்தில் திறந்த ஹோட்டல் இம்பீரியலின் கேக். வட்டம் இல்லை, சதுரம். மெல்லிய பாதாம் ஏடுகள், நடுவே சாக்லேட் கிரீம், சுற்றிலும் மார்ஸிபன் என்கிற இனிப்புப் பாதாம் விழுது, அதன் மேல் பால் சாக்லேட். ஒரு சமையல்கார இளைஞன் சக்கரவர்த்திக்காக இரவோடிரவாகச் செய்தான் என்று இதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள், வியன்னாவில் கதை இல்லாமல் கேக் விற்காது போலிருக்கிறது. ருசியில் இது கேக்குக்கும் மிட்டாய்க்கும் நடுவில் நிற்கும். விரல் அகலத்துக்கு வெட்டினால் போதும், ஒரு சின்னப் பெட்டி பெரிய குடும்பத்துக்கே வரும். பாதாம் அல்வாவும் பாதாம் பர்ஃபியும் பழகிய வீட்டில் ஸாஹரைவிட இது நூறு மடங்கு எளிதாகச் செலவாகும், "காய்ஞ்சு கிடக்கே" என்று எந்தப் பெரியம்மாவும் சொல்லமாட்டார். மார்ஸிபன் பிடிக்காதவர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

ஸால்ஸ்பர்க் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வழி. பாட் இஷ்லில் ஸௌனர் கடையில் ஸௌனர்ஷ்டோலன் வாங்கலாம். நொறுக்கிய வேஃபர், ஹேசல்நட், சாக்லேட் எல்லாம் சேர்த்து அழுத்திய கட்டை, நறுக்கி நறுக்கித் தின்னலாம், பயணத்தில் சிதையாது. தற்செயலாக அந்தக் கடை தொடங்கியதும் 1832தான். பிறகு மோட்ஸார்ட் உருண்டை. விமான நிலையத்தில் மலையாகக் குவித்து வைத்திருக்கிற சிவப்பும் தங்கமுமான உருண்டைகள் தொழிற்சாலைச் சரக்கு. பவுல் ஃபூர்ஸ்ட் 1890ல் உருவாக்கியது வெள்ளித்தாளில் நீலப்படம் போட்டது, அதை அவருடைய வாரிசுகளின் கடைகளில்தான் வாங்க வேண்டும். பிஸ்தா மார்ஸிபன் உருண்டையைச் சுற்றி நூகா என்கிற ஹேசல்நட் சாக்லேட் விழுதைப் பூசி, குச்சியில் குத்தி, கறுப்பு சாக்லேட்டில் முக்கி, காய்ந்ததும் குச்சியை உருவி, அந்த ஓட்டையையும் சாக்லேட்டால் அடைக்கிறார்கள், இன்றும் கையால்தான். ஃபூர்ஸ்ட் தன் பண்டத்துக்கு உரிமை வாங்கி வைக்காததால்தான் எல்லாரும் செய்ய ஆரம்பித்தார்கள்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு மேலே சொன்ன கேக் எதுவும் ஆகாது, ஸாஹரில் முட்டையை எடுத்துவிட்டால் கேக் எழும்புவதற்கே வேறு எதுவும் இல்லை. முட்டை சாப்பிடுகிற சைவர்களும் கிரீம் கேக்குகளில் ஜெலட்டின் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது, பழக் கேக்குகளின் பளபளப்பிலும் அது இருக்கலாம். வீட்டில் செய்து பார்க்க ஆசை இருந்தால் ஸாஹரையே எடுத்துக்கொள்ளுங்கள், இருப்பதிலேயே சாமான் குறைவு. மேல்பூச்சுக்கு சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 125 மில்லி, சாக்லேட் 150 கிராம். ஜாமைச் சூடாக்கி வடிகட்டித் தடவி, அது ஆறி ஒட்டாமல் இருக்கும் நிலைக்கு வந்த பிறகே பூச்சை ஊற்ற வேண்டும், அதுவும் ஒரே ஊற்றாக. தயங்கித் தயங்கி ஊற்றினால் கரண்டித் தடம் அப்படியே நின்றுவிடும்.